விளம்பரம் எங்கே போயிற்று?

பணம் கொடுத்துச் செய்த விளம்பரம் கண்ணில் படாவிட்டால் ஒரு வியாபாரிக்கு எத்தகைய கோபம் வரும் என்பதை நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. சமையல் குறிப்புகளுக்கென்று சிறு வலைத்தளம் ஒன்றை நடத்தி வரும் நம் நண்பர், சென்ற தீபாவளிச் சமயத்தில் அந்தக் கோபத்தை நேரிலேயே தரிசித்தார். பாத்திரக்கடை அண்ணாச்சி அவரைக் கடைக்கு அழைத்துத் தம் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"தம்பி, பணத்தை வாங்கிப் பையில் போட்டுக் கொண்டீர்கள், படத்தை எங்கே போட்டீர்கள்?"

ரஸம் வைக்கும் முறை இருந்தது. அதன் பக்கத்தில் வெண்கலப் பானை இருக்க வேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. நண்பரின் வீட்டிலோ பானை பளபளவென்று தெரிந்தது. எனினும் தம் வேலையிலேதான் குற்றம் என்று எண்ணி, அவர் இரவெல்லாம் விழித்துத் தளத்தின் அமைப்பை மாற்றினார். விடியற்காலையில் பானையும் வரவில்லை, ரஸத்தையும் காணோம். அதன்பின் நம்மிடம் வந்தார். மாதம் ஒரு முறை அண்ணாச்சி கொடுக்கும் தொகையில்தான் தளத்தின் வாடகை நடந்து வந்தது. அதைவிட, ஏமாற்றுக்காரர் என்ற பெயர் ஊரில் பரவிவிடுமோ என்பதே அவருக்குப் பெருங்கவலையாயிருந்தது.

பத்திரிகையில் விளம்பரமும் கட்டுரையும் ஒரே தாளில் அச்சாகின்றன. வலைத்தளத்தில் அப்படியல்ல. பக்கத்தைத் திறந்ததும் பிரௌஸர் எழுத்தை ஓரிடத்திலிருந்தும், படத்தை வேறோரிடத்திலிருந்தும், விளம்பரத்தைப் பெரும்பாலும் அயலார் ஸர்வரிலிருந்தும் தனித்தனியே கேட்டு வாங்கிக் கோக்கிறது. ஹாட்வயர்ட் என்னும் தளத்தில் 1994-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி முதன்முதலாகப் பட்டை விளம்பரங்கள் தோன்றிய காலத்தில், வந்ததையெல்லாம் பிரௌஸர் அப்படியே காட்டியது. இன்றோ எதைக் கேட்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் காவற்காரர்கள் அதற்குள்ளேயே குடியேறிவிட்டார்கள்.

ஆகவே தளத்தைத் தொடுவதற்கு முன்னால், குற்றம் அனுப்புகிறவரிடமா, வாங்குகிறவரிடமா என்று அறிய வேண்டும். கடைப் பையனின் டெலிபோனில் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னோம்; பானை வந்தது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் குரோம் பிரௌஸரின் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்தோம், அங்கும் வந்தது! நாமே அனுமதித்தாலொழிய அந்த ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்வதில்லை. (பயர்பாக்ஸை நம்பி இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஏமாறக் கூடும். அதன் அந்தரங்க ஜன்னல் 2015 முதல், பின்தொடரும் விளம்பரங்களைத் தானாகவே தடுத்து வருகிறது.)

பிறகு சாதாரண ஜன்னலில் எப்-12 பொத்தானை அழுத்தி, கன்ஸோல் என்ற பகுதியைப் பார்த்தோம். சிவப்பு எழுத்தில் 'பிளாக்டு பை கிளையன்ட்' என்றிருந்தது. ஸர்வர் படத்தைத் தர மறுக்கவில்லை. பிரௌஸரின் பக்கத்திலேயே அந்த வேண்டுகோள் நிறுத்தப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பான்கள் ஈஸிலிஸ்ட் முதலிய ஜாபிதாக்களை வைத்துக் கொண்டு வேலை செய்கின்றன. விளம்பர ஸர்வர்களின் பெயர்கள் மட்டுமல்ல, முகவரியில் வரும் சில சொற்றொடர்களும் அந்த ஜாபிதாக்களில் உண்டு. நம் நண்பரோ வெகு ஒழுங்காக, படத்தை 'பானர் ஆட்ஸ்' என்று பெயரிட்ட அறையில் வைத்திருந்தார். பாவம், திருடாதவன் தன் சட்டையில் 'திருடன்' என்று எழுதிக் கொண்டு கிளம்பியது போலாயிற்று!

தடுப்பான் வைத்திருப்பவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஒரு செருப்பை விசாரித்த பாவத்துக்கு மாதக்கணக்கில் அந்தச் செருப்பு நம்மைத் துரத்துவதை யார்தான் விரும்புவார்கள்? விளம்பரத்தின் மூலமாகவே தீய புரோகிராம்கள் நுழைந்ததும் உண்டு. வரம்பு மீறிய தளங்களின் விளம்பரங்களை 2018 பிப்ரவரி முதல் குரோமே தடுக்கத் தொடங்கியது. ஆனால் அண்ணாச்சியின் பானை எவரையும் வேவு பார்க்கவில்லை.

தடுப்பான் இல்லாத இடத்திலும் விளம்பரம் வராவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். எச்.டி.டி.பி.எஸ். பக்கத்திற்குள் பழைய எச்.டி.டி.பி. முகவரியிலிருந்து வரும் விளம்பர ஸ்கிரிப்டை பிரௌஸர் அனுமதிக்காது. விளம்பரப் பெட்டியின் அகலம் பூஜ்யமாயிருந்தாலும் ஒன்றும் தோன்றாது. 2017-இல் வகுக்கப்பட்ட 'ஆட்ஸ் டெக்ஸ்ட்' என்னும் கோப்பில் விற்பவரின் பெயர் விட்டுப் போயிருந்தால், வாங்குகிறவர்கள் ஒதுங்கி விடுவார்கள். சில சமயம் அந்த இடத்துக்கு விலை கேட்க ஆளே இராது.

அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் தடுப்பானை வைத்தவர் யார்? கல்லூரியில் படிக்கும் அவருடைய குமாரன்தான். "அப்பா கண்ட விளம்பரத்தையும் அமுக்கி விடுகிறார்" என்று விடுமுறைக்கு வந்தபோது வைத்தானாம். அதை எடுக்க வேண்டாமென்று நாமே சொன்னோம். நண்பர் அறையின் பெயரை 'பாத்திரம்' என்று மாற்றி, படத்தின் மேலே 'விளம்பரம்' என்று வெளிப்படையாகவும் எழுதினார். வெண்கலப் பானை ரஸத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு வெகு நேரம் அதையே பார்த்தார்.

"தம்பி, விலை போன வருஷத்து விலையாக அல்லவா இருக்கிறது?" என்றார்.