ரொட்டித் துண்டும் பதப்படுத்திய இறைச்சியும்

சொந்த ஊரை விட்டு வந்து மும்பையில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பங்களில், வைகறையில் எழும் முதற் கேள்வி, "இன்று டப்பாவில் என்ன?" என்பதேயாகும். கணவன் ஒரு வண்டியிலும் மனைவி மற்றொரு வண்டியிலும் ஏறி வேலைக்குச் செல்லவும், பிள்ளைகள் காலைப் பள்ளிக்கு விரையவும் வேண்டியிருக்கையில், சோறும் குழம்பும் ஆக்கி அடைத்துக் கொடுப்பது எல்லா நாளும் இயலுவதில்லை. ஆகவே ஸாண்ட்விச் என்னும் ரொட்டியடுக்கு நம் இல்லங்களிலும் இடம் பெற்றுவிட்டது. அதன் பின்னே ஹாம், ஸலாமி, ஸாஸேஜ் முதலிய பதப்படுத்திய இறைச்சி வகைகளும் வந்து சேர்ந்தன. இவற்றுள் நல்லதைத் தேர்ந்து வாங்குவது எவ்வாறு என்பதை, இரயில்வே எழுத்தராய் இந்நகரில் காலந்தள்ளும் நாம் கண்டும் கேட்டும் அறிந்த அளவில் கூற முற்படுகிறோம்.

ஸாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரின் பெயரைப் பட்டமாகக் கொண்ட நான்காம் பிரபு ஜான் மாண்டேகுவை ஒட்டி, பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வுணவுக்கு அப்பெயர் வாய்த்தது. ரொட்டியோ, அதற்கு வெகுகாலம் முன்பே போர்ச்சுகீசியரோடு இந்நாட்டின் மேற்குக் கரையை அடைந்துவிட்டது. இங்கே நாம் நாள்தோறும் கேட்கும் 'பாவ்' என்ற சொல் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததேயாகும். கோவாவில் ரொட்டி மாவைப் பொங்க வைப்பதற்குக் கள்ளைப் பயன்படுத்தினர். ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்க வைத்த நம் நாட்டாருக்கு இது விளங்காத வித்தையன்று. கோவாவிலிருந்து வந்தவர்களும், பின்னர் ஈரானியரும் இந்நகரில் ரொட்டிச் சூளைகளை நடத்தி, பாவை ஏழை எளியோரின் உணவாக்கினர்.

மாமிசம் உண்ணாத அன்பர்களுக்கு இந்நகரத் தெருக்களிலேயே ஓர் அரிய பண்டம் உண்டு. வெண்ணெயும் கொத்தமல்லிச் சட்னியும் தடவிய ரொட்டித் துண்டுகளின் நடுவே வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றை மெல்லிய வில்லைகளாக அடுக்கி, மசாலைப் பொடி தூவித் தருவார்கள். கைப்பிடியுள்ள இரும்பு அச்சில் வைத்துக் கரியடுப்பின்மேல் வாட்டித் தருவதும் உண்டு. மழைக்காலத்தில் வாட்டியதையே வாங்குவது நன்று. காய்களை நம் கண்ணெதிரே நறுக்குகிறார்களா, சட்னிப் பாத்திரம் மூடியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி இறைச்சி வகைகளுக்கு வருவோம். ஹாம் என்பது பன்றியின் பின்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்தியது. பேக்கன், அதன் வயிற்றுப் பகுதியிலிருந்தோ முதுகுப் பகுதியிலிருந்தோ எடுப்பது. ஸலாமி ஐரோப்பாவில் பச்சை இறைச்சியைப் புளிக்க வைத்து உலர்த்திச் செய்வது. நம் ஊர்க் கடைகளில் கோழி ஸலாமி என்று விற்பதோ, இறைச்சியை மைய அரைத்து வேகவைத்த வேறு பண்டம். கோவா மக்களின் 'சொரிஸோ' பன்றியிறைச்சியை உப்பு, மிளகாய், பூண்டு, காடி சேர்த்துக் குடலில் அடைத்து உலர்த்துவது. பாந்த்ரா, மாஹிம் பகுதிகளிலுள்ள கோவாக்காரர் கடைகளிலும், 1869ஆம் ஆண்டில் எழுந்த கிராஃபோர்டு மார்க்கெட்டிலும் அது ஜெபமாலை போல் கோத்துத் தொங்குவதைக் காணலாம்.

இதைப் பார்க்கும்போது நம் பாட்டிமார் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்திய உப்புக்கண்டம் நினைவுக்கு வாராமற்போகாது. உப்பு இறைச்சியிலுள்ள நீரை வெளியேற்றுகிறது; நீர் குறைந்த இடத்தில் கிருமி தழைப்பதில்லை. எல்லா நாட்டாரும் கண்ட உபாயம் இதுவே. உப்புக்கண்டத்தை நாம் பொரிக்காமல் உண்ணாதது போலவே, சொரிஸோவையும் நன்றாகச் சமைத்தே உண்ண வேண்டும். 'அப்படியே உண்ணலாம்', 'சமைத்து உண்க' என்னும் இவ்விரு பிரிவையும் கடைக்காரரிடம் கேட்டறியாமல் எதையும் வாங்கலாகாது.

சமயக் கட்டுப்பாடுடைய குடும்பங்கள் மேலும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோழி ஸாஸேஜின் உறை எதனால் ஆனது, ஹாம் அரிந்த கத்தியாலேயே இதையும் அரிகிறார்களா என்பவை நம் இஸ்லாமிய அன்பர்களுக்கு முக்கியமானவை. மகாராஷ்டிரத்தில் 2015ஆம் ஆண்டு முதல் காளையையும் எருதையும் அறுப்பதும் தடை செய்யப்பட்டிருப்பதால், இங்கே உப்பிட்டு விற்கும் மாட்டிறைச்சி எருமையினுடையதாகவே இருக்கும். உறையிட்ட பண்டமாயின், 14 இலக்கமுள்ள உணவு உரிம எண்ணையும், புலால் உணவைக் குறிக்கும் பழுப்பு நிற முக்கோணத்தையும், காலாவதி நாளையும் பார்க்க வேண்டும்.

நாளைவிடக் குளிர்ச்சி பெரிது. பதப்படுத்திய இறைச்சியை 5 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்திருக்க வேண்டும். இரவில் குளிர்பெட்டியை நிறுத்திவிடும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கற்க. உறை உப்பியிருந்தாலும், துண்டுகள் பிசுபிசுத்தாலும், புளித்த வாடை வீசினாலும் அதை விட்டுவிடுக. உறையைத் திறந்தபின் மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிட வேண்டும். ஆகவே 'பெரிய பொட்டலம் இலாபம்' என்ற கணக்குச் சிறு குடும்பத்துக்குப் பொருந்தாது. 100 கிராம் அரிந்து தரும் கடையே சிறந்தது.

லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியிலும் வளரும் தன்மையுடையது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில், ஆயத்த நிலையில் விற்ற ஒருவகை ஸாஸேஜ் வழியாக அது பரவி, 200க்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் பச்சிளங் குழந்தைகள் பலர். ஆகையால் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் கொடுக்கும்போது, ஹாமாயினும் ஸலாமியாயினும் ஆவி பறக்கச் சுடவைத்தே கொடுக்க வேண்டும். அன்றியும், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல், பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றுக்குக் காரணமாகும் என்று அறிவித்தது. நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் உண்டுவந்தால் அந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுமாம். எனவே இது மாதத்தில் சில நாள் விருந்தாகலாம். பிள்ளைகளின் அன்றாட உணவாகலாகாது.

அன்றாடத்துக்கு வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. எலும்பில்லாத கோழியிறைச்சி அரைக் கிலோவை உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, சிறிது காடி ஆகியவற்றுடன் மூடி வைத்து, நிதானமான தீயில் நன்றாக வேகவிடுக. சாறு சுண்டியதும் ஆறவைத்து, இறுக்கிச் சுற்றி, இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் நாருக்குக் குறுக்காக மெல்லியதாக அரிந்தால், கடைச் சரக்குக்கு அது சிறிதும் தாழாது. நீர் சேர்க்காமல் அரைத்த புதினாத் துவையலை ரொட்டியில் தடவுமுன் வெண்ணெய் பூசிக்கொண்டால் ரொட்டி ஊறிப்போகாது. வேனிற்காலத்தில் இரண்டு மணி நேரம்கூட இறைச்சியை வெளியே வைத்தல் தகாது. ஆதலின் உறையவைத்த சிறு நீர்ப்புட்டியொன்றை டப்பாவோடு சேர்த்துப் பையில் வைத்தனுப்புக.

இறுதியாக ஒன்று. மாமிசம் உண்போருக்கு வீடு இல்லை என்று சொல்லும் கட்டடங்கள் இந்நகரில் உண்டு. வீடு தேடி அலைந்த நம்மவர் பலர் அச்சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்களே. அதனால் சில இல்லங்களில் பிள்ளைகளிடம், "டப்பாவில் இருப்பதை யாருக்கும் காட்டாதே" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பெற்றோரின் அச்சம் நமக்கு விளங்குகிறது. ஆயினும், தான் உண்பது இழிவானது என்ற எண்ணம் ஒரு குழந்தையின் உள்ளத்தில் விழுந்துவிட்டால், அது பின்னர் தன் தாய்மொழிக்கும் தன் ஊருக்கும் நாணத் தொடங்கும். பிறர் நோன்பை மதித்து விலகி அமர்ந்து உண்பது பண்பு. ஒளிந்து உண்பது அவமானம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு நாமே எடுத்துரைக்க வேண்டும்.

தாய்மார்களும் சகோதரிகளும் தத்தம் வீட்டில் ரொட்டிக்கு நடுவே வைக்கும் வறுவல், துவையல், முட்டை வகைகளின் செய்முறையை இவ்விதழுக்கு எழுதியனுப்பினால், புதிதாக வந்து குடியேறும் குடும்பங்களுக்கு அது பேருதவியாகும்.