கையெழுத்து போட்டாச்சு... பெஞ்ச் எப்போ?

கையெழுத்து என்றால் எங்கள் ஆவுடையார்கோவில்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. காரணம், மாணிக்கவாசகர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த கஜானா பணத்தை எங்க ஊர்க் கோயிலுக்குச் செலவழித்த அமைச்சர். (பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த ஆடிட்டரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.) அவர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தை எழுதி, கடைசியில் கையெழுத்தும் போட்டது தில்லை நடராஜரே என்பது ஐதீகம். கெஸட்டட் ஆபீஸர் அட்டெஸ்டேஷன் எல்லாம் தேவைப்படவில்லை. எல்லோரும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாக் கையெழுத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை சார். நானூறு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்த ஒரு கையெழுத்து உண்டு. போட்டவர் கெய்ரோவில் இருந்த யூத மதகுரு. காத்திருந்தவர்கள் நம்ம கொச்சிக்காரர்கள்.

கொச்சி யூதர்கள் ஒரு காலத்தில் ராஜ மரியாதை பெற்றவர்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். வட்டெழுத்தில் வெட்டிய செப்பேடு. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, முரசு என்று 72 உரிமைகள். போதாததற்கு வரிவிலக்கு வேறு!

1492ல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை விரட்டியது. அங்கிருந்தும் வேறு தேசங்களிலிருந்தும் சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பரதேசி யூதர்கள் என்று பெயர். 1568ல் மட்டாஞ்சேரியில் சொந்தமாக ஜெபாலயம் கட்டிக்கொண்டார்கள். நிறம் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான், வந்தது வினை. நாங்க அசல், நீங்க அடிமை வம்சம், பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம்!

விவகாரம் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கெய்ரோவுக்குப் போனது. அங்கே ரப்பி டேவிட் இப்ன் ஸிம்ரா இருந்தார். அவரும் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்தான். பத்திரிகைகளில் கேள்வி-பதில் பகுதி வருகிறதே, அதுபோல யூத உலகத்தில் சட்டச் சந்தேகங்களைப் பெரிய ரப்பிகளுக்கு எழுதிக் கேட்பார்கள். இவர் எழுதிய பதில்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். கொச்சியிலிருந்து போன கேள்வியின் சாரம் இது: இங்கே சுமார் 900 குடும்பங்கள். அதில் 100 குடும்பம் தங்களை அசல் என்கிறது. மற்றவர்களும் பணக்காரர்கள், பக்திமான்கள். ஆனாலும் அடிமைகள் என்று ஒதுக்குகிறார்கள். என்ன செய்யலாம்?

ரப்பி வழவழா கொழகொழா இல்லாமல் பதில் சொன்னார். மூன்று பேர் முன்னிலையில் முறைப்படி நீரில் மூழ்கி எழட்டும். அதற்குப் பிறகு அவர்கள் முழு யூதர்கள். கல்யாண சம்பந்தம் தாராளமாகச் செய்யலாம். அவருடைய சீடர் யாகோப் காஸ்ட்ரோவும் இதையே சொன்னார்.

மேலிடத்து ஆர்டர் வந்தாச்சு. செக்‌ஷனில் ஃபைல் நகர்ந்ததா? ம்ஹூம்!

பரதேசி ஜெபாலயத்துக்குள்ளேயே இன்னொரு கூட்டம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசுகள். அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காரக்கூடாது. முன்கூடத்தில், தரையில்தான் இடம். செத்தால்கூடப் பொது மயானம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெருசலேம் தலைமை ரப்பியும் இவர்களுக்குச் சாதகமாகத்தான் எழுதினார். அதுவும் அதே ஃபைலில் சேர்ந்தது. ரப்பியிடம் தீர்ப்பு இருந்தது, போலீஸ் இல்லை.

கடைசியில் அந்தத் தரையிலிருந்தே ஒருத்தர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சாலம். 1882ல் பிறந்தவர். நம்ம மெட்ராஸில் படித்துவிட்டுப் போன வக்கீல். கொச்சி சட்டசபை உறுப்பினர். 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தைச் சொந்த ஜெபாலயத்துக்குள்ளேயே நடத்தினார். கோபித்துக்கொண்டு வேறு மதத்துக்கோ வேறு ஊருக்கோ போகவில்லை. 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. 1940களில் பெஞ்சும் வந்தது.

1950ல் சாலமின் மகனும் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரப்பி அனுமதி கொடுத்து நானூறு வருஷம் தாண்டியும் கொச்சியில் நடத்த முடியாமல் மும்பையில் நடந்த கல்யாணம்! அதற்குள் இஸ்ரேல் பிறந்துவிட்டது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் கப்பலும் விமானமும் ஏறிப் போனார்கள். சண்டை போட்டு வாங்கிய பெஞ்ச் இருந்தது. உட்காரத்தான் ஆள் குறைந்துபோனது.

கொச்சிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்யதை இருக்கிறதா? அதே 1950 ஜனவரி 24ல் நம்ம தலைவர்கள் அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தீண்டாமை ஒழிந்தது என்கிறது 17வது ஷரத்து. எங்க புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன கலெக்டரே அந்த மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டு 72 வருஷம் கழித்து!

கையெழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சாலம் மாதிரி ஆட்கள் எதைக் காட்டிக் கேட்பார்கள்? ஆனால் கையெழுத்துப் போடுவதோடு பெரியவர்கள் வேலை முடிந்தது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது நம்ம வேலை சார்.