முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராத ஆபத்து

2010 மே மாதம். 113 பயணிகளுடன் துபாயிலிருந்து புனே நோக்கி வந்துகொண்டிருந்தது ஒரு போயிங் 737. உயரம் 37,000 அடி. தலைமை விமானி கழிவறைக்குப் போயிருந்தார். தனித்திருந்த இளம் துணை விமானி இருக்கையைச் சரிசெய்தபோது, கட்டுப்பாட்டுத் தண்டு தவறுதலாக முன்னே தள்ளப்பட்டது. விமானம் தலைகுப்புறச் சரியத் தொடங்கியது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே நின்ற தலைமை விமானிக்குக் கதவைக்கூடத் திறந்துவிட முடியவில்லை. அவசரக் குறியீட்டைப் பயன்படுத்தி உள்ளே பாய்ந்த தலைமை விமானிதான் விமானத்தை நிமிர்த்தினார். அதற்குள் சுமார் 7,000 அடி இறங்கியிருந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இப்படியொரு நிலைமைக்கு அந்த இளைஞர் பழக்கப்பட்டிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

அனுபவசாலிகளையும் திடுக்கம் விட்டுவைப்பதில்லை. 2009 ஜூன் 1இல் அத்திலாந்திக்கின் மேலே ஓர் ஏர்பஸ்ஸின் வேகம் அளக்கும் குழாய்களைப் பனி அடைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது. எச்சரிக்கை ஒலி அலறிக்கொண்டிருக்க, கீழே இறக்கவேண்டிய மூக்கை விமானி மேலே தூக்கினார். 228 பேரும் மாண்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில், பறவைகள் மோதி இயந்திரங்கள் செயலிழந்ததால் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் 155 பேரும் பிழைத்தார்கள். பின்னர் அதைச் சிமியுலேட்டரில் பறந்துபார்த்தபோது, உடனே திரும்பியவர்களில் சிலர் ஓடுபாதையை எட்டினார்கள். சூழலை உணரவும் முடிவெடுக்கவுமென 35 வினாடி சேர்த்ததும் அது கைகூடவில்லை.

கோளாறு பயிற்சியிலும் இருக்கிறது. இன்று இயந்திரம் நிற்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்காருபவருக்கு என்ன அதிர்ச்சி வரும்? 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 18 போயிங் 747 விமானிகள், வழக்கமான பாணியில் வந்த அவசரங்களைப் பிசகின்றிச் சமாளித்தார்கள். அதே அவசரங்கள் எதிர்பாராமல் வந்தபோது தாமதித்தார்கள், தடுமாறினார்கள். அடிக்கடி அதிரவைத்தால் மாணவரின் தன்னம்பிக்கை குலையும் என்பாரும் உண்டு.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், சீனக்குடாவில்தான், நம் விமானப்படைப் பிள்ளைகள் பறக்கப் பழகுகிறார்கள். 2020 டிசம்பரில் அங்கிருந்து எழுந்த பிடி-6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பக்கம் விழுந்து பயிலுநர் ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் இன்னொரு பிடி-6 காலை 11.25க்கு எழுந்து 11.27க்கு விழுந்தது, இருவர் பலி. இவற்றின் காரணம் வேறாக இருக்கலாம். ஆனாலும் தாழ்வான உயரத்தில் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்பதை அந்த இரண்டு நிமிடம் காட்டுகிறது.

ஐரோப்பாவில் 2019 டிசம்பர் முதல், விமானம் நிலைகுலைந்தால் மீட்டெடுக்கும் பயிற்சி புதிய வணிக விமானிகளுக்குக் கட்டாயம். திடுக்கத்தை எதிர்கொள்வதும் அதில் ஒரு பாடம். இங்கே சின்ன விமானத்தில் முதன்முதலாகத் தனியே ஏறும் பிள்ளைக்கும் அந்தப் பாடம் வேண்டும். அதுவும் எந்த நாளில், எந்தக் கோளாறு என்று முன்கூட்டிச் சொல்லாமல்.