ஈதர்நெட் சாக்கெட்டுக்கு அந்த உலோகச் சட்டை எதுக்கு?



இந்த வார எபிசோடில் சொந்தமா ஒரு சென்சார் போர்டு டிசைன் பண்றதைப் பற்றிப் பேசினோம். நேரம் பத்தாமல் விட்டுப்போன ஒரு கேள்வியை இங்கே எடுத்துக்கறேன். ஆர்ஜே45 சாக்கெட் வாங்கும்போது ஷீல்டு உள்ளதா, இல்லாததா?

மேசைமேல வச்சுப் பார்த்தா ரெண்டுமே வேலை செய்யும். விற்கப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். எஃப்சிசி, சிஈ விதிகளுக்கான கதிர்வீச்சு டெஸ்ட்டில் போர்டு தோத்துட்டா, சாக்கெட்டை மட்டும் மாத்தி முடிச்சுட முடியாது. கால்கள் இடம் மாறும், பிசிபியையே திரும்ப வரையணும்.

ஷீல்டு செய்யற ரெண்டு வேலை

முதல் வேலை, இரைச்சலை அடக்கறது. 100 மெகாபிட், கிகாபிட் ரெண்டிலும் ஒரு ஜோடி கம்பியில் வினாடிக்கு 12.5 கோடி சிம்பல்கள் ஓடுது. பக்கத்துலயே பிராசசரும் பவர் சப்ளையும் இரைச்சல் போடும். அது கேபிளில் ஏறினா, கேபிள் முழுக்க ஒரு ஆன்டெனா ஆயிடும்.

ரெண்டாவது, ஸ்டாட்டிக் ஷாக். குளிர்காலத்துல ஹீட்டர் ஓடற வீட்டில் கார்பெட்டில் நடந்துட்டு கதவுப் பிடியைத் தொட்டா சுரீர்னு ஒரு அடி விழும் இல்லையா? அது பல ஆயிரம் வோல்ட். அதே விரல் சாக்கெட்டைத் தொடும்போது, அந்தச் சக்தி சிப்புக்குள்ள போகாம உலோக உறை வழியா வெளியேறணும்.

ஷீல்டை எங்கே இணைப்பது?

நிறையப் பேர் குழம்பற இடம் இதுதான். எங்கேயும் இணைக்காத ஷீல்டால பெரிய பலன் இல்லை. சில நேரம் அதுவே இரைச்சலைப் பரப்பும்.

உலோகப் பெட்டின்னா, முன்பக்கம் ஸ்பிரிங் மாதிரி நாக்குகள் இருக்கற சாக்கெட்டை எடுங்க. அவை பெட்டியை அழுத்தித் தொடும். போர்டில் ஷீல்டு கால்களுக்குத் தனியா ஒரு சேசிஸ் கிரவுண்டு பகுதி விடுங்க. அதையும் சிக்னல் கிரவுண்டையும் 1 நானோஃபாரட், 2 கிலோவோல்ட் கெப்பாசிட்டர் வழியா இணைக்கறது பரவலான வழக்கம். அதிவேக இரைச்சலுக்கு அது வழி விடும், டிசி மின்னோட்டத்தை விடாது.

பிளாஸ்டிக் பெட்டி, சாதாரண யூடிபி கேபிள், வீட்டு உபயோகம்னா ஷீல்டு இல்லாததே போதலாம். ஆனா தொழிற்சாலையில் ஷீல்டு கேபிள் போடறாங்கன்னா, சாக்கெட்டும் ஷீல்டு உள்ளதாத்தான் இருக்கணும். இல்லைன்னா கேபிளின் உறை அந்த முனையில் அந்தரத்தில் நிக்கும். இன்னொண்ணு: ஷீல்டு சாக்கெட்டில் செருகினதால யூடிபி கேபிள் ஷீல்டு கேபிள் ஆயிடாது.

டேட்டாஷீட்டில் நான் பார்க்கறது

1. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கா? ஐ-ட்ரிபிள்-ஈ 802.3 தரம் 1500 வோல்ட் தாங்கற மின் தடுப்பு கேட்குது. சாக்கெட்டுக்குள்ளே இல்லைன்னா தனியா வைக்கணும்.
2. 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும், கிகாபிட்டுக்கு 4 ஜோடியும் வேணும்.
3. கேபிள் வழியாவே பவர் வருதா? அப்போ பிஓஇ-க்குன்னு குறிப்பிட்ட மாடலா பாருங்க.
4. பூட்டு நாக்கு மேலேயா கீழேயா? பின் வரிசை தலைகீழாகும்.
5. ஷீல்டு கால்கள் போர்டைத் துளைச்சு சால்டர் ஆகுதா? கேபிளை இழுக்கும்போது தாங்கறது அந்தக் கால்கள்தான்.

என் வரிசை எப்பவும் இதுதான்: முதல்ல பெட்டி, அப்புறம் கேபிள், கடைசியா சாக்கெட். பெட்டி முடிவாகலைன்னா, ஷீல்டு உள்ளதையே எடுத்து, கெப்பாசிட்டருக்கும் அதுக்குப் பக்கத்துல ஒரு ரெசிஸ்டருக்கும் இடம் விட்டு வரைங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி எதை மாட்டறது, எதைக் காலியா விடறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்.

உங்க போர்டில் என்ன சாக்கெட் போட்டிருக்கீங்க? இந்த மடலுக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.