விழித்தெழும் பெட்டியும் விடியற்காலைப் பிரட்டும்

நம் சப்ரகமுவ மலைநாட்டில் மழையும் மின்தடையும் இணைபிரியாத் தோழர். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிய துயரை நாம் மறந்தோமல்லோம். அத்தகைய மழையிரவில் மின்சாரம் போய் மீளுங்கால், எச்சரிக்கைச் செய்தியை வேண்டி நம் கண்கள் வீட்டின் இணையப் பெட்டியையே நாடுகின்றன. விளக்கு உடனே எரிகின்றது, பெட்டியோ தாழ்க்கின்றது. அத்தாழ்வின் ஒரு பகுதி தொலைத்தொடர்பு வழியைத் தேடுவதால் நேர்வது. மற்றொரு பகுதி பெட்டியின் உள்ளேயே நிகழ்வது. அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இப்பெட்டி ஒரு சிறு கணனியேயாம். இத்தகைய பெட்டிகள் பலவற்றை இயக்குவது, லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991இல் தொடங்கிய லினக்ஸ். மின்சாரம் பாய்ந்ததும் அதன் கருநிரல் எழுந்து, நினைவகம், வலைத் துளை, வானலைக் கருவி, சிறு விளக்கு ஆகிய உறுப்புக்களை ஒவ்வொன்றாய்க் கண்டறிகின்றது. உறுப்புக்கள் சிலவற்றிற்கு ‘டெவ்’ என்னும் அடைவிலே ஒரு பெயர் பதியப்பெறும். பெயர் பதியாத உறுப்பை அப்பெயர்கொண்டு அழைக்கும் நிரல் அணுகவியலாது.

தோட்டத்தார் ‘பிரட்டு’ என வழங்கும் காலை அணிவகுப்பை எண்ணிப் பார்ப்போம். ஆட்கள் வந்து பெயர் சொல்லுகின்றனர். கணக்கப்பிள்ளையோ இன்னும் வந்திலர். பிந்தி வந்த அவர், “எல்லாரும் மீண்டும் பெயர் சொல்லுங்கள்” என்கின்றார். கடைசிப் பெயர் பதியும்வரை ஒருவரும் மலைக்குப் போகலாகாது. வெயில் ஏறினால் இறப்பர்ப் பால் ஒழுக்குக் குறையுமே என்பதை அவர் எண்ணுகின்றாரில்லை.

2003இல் தோன்றிய ‘யூடெவ்’ என்னும் நிரல் இக்கணக்கப்பிள்ளையை ஒத்தது. உறுப்புக்களிற் பெரும்பாலானவற்றைக் கருநிரல் கண்டு அறிவித்த பின்னரே அது எழுகின்றது. முன்னைய அறிவிப்புக்களை அது கேட்டிலது. ஆதலின் அனைத்தையும் மறுபடி அறிவிக்குமாறு வேண்டுகின்றது. உறுப்புப் பதிவுகளோ நூற்றுக்கணக்கின. சிறு பெட்டியின் செயலியோ வலிமை குன்றியது. ஆகவே விநாடிகள் வீணே கழிகின்றன.

இதற்குப் பரிகாரங்கள் சில உள. முதலாவது, 2009 டிசம்பரில் வெளியான 2.6.32ஆம் பதிப்பிற் சேர்ந்த ‘டெவ்டிஎம்பிஎஃப்எஸ்’. இதனாற் கருநிரல் உறுப்பைக் கண்டபொழுதே பெயரையும் தானே பதிந்துவிடுகின்றது. இரண்டாவது, மறு அறிவிப்பை வகைவகையாய்ப் பிரித்தல். வலைக்கு வேண்டியனவற்றை முதலில் எழுப்பி, தலைமைப் பணியைத் தொடங்கிவிட்டு, ஏனையவற்றைப் பின்னர் எழுப்பலாம். பால் வெட்டுவோரை முன்னே அனுப்பிப் புல் வெட்டுவோர் பெயரைப் பிறகு பதிவது போல. மூன்றாவது, இன்றியமையாத இயக்கிகளைத் தனித்தனியே ஏற்றாது கருநிரலிலேயே இணைத்துவிடுதல். நான்காவது, 2015இல் 4.2ஆம் பதிப்பில் வந்த வசதி. ஓர் உறுப்பு விழிக்கத் தாழ்ப்பின், மற்றவை அதற்காகக் காத்திராமல் உடன்நிகழ்வாய் விழிக்கலாம்.

ஆயினும் விரைவுக்கும் ஒரு விலை உண்டு. பலர் ஒருங்கே வருமிடத்து யார் முதல்வர் என்பது நாளுக்கு நாள் மாறும். இன்று முதலாம் வட்டு எனப் பெயர் பெற்றது, நாளை இரண்டாம் வட்டு ஆகலாம். வரிசையை நம்பிய நிரல் பிழை செய்யும். உறுப்பின் நிலையான அடையாளத்தை நம்பிய நிரல் பிழையாது. அன்றியும், ஓர் உறுப்பு மற்றொன்றைச் சார்ந்திருப்பின், சார்பு எழுமுன் அதனை எழுப்புதல் பயனில் முயற்சி. அதனாலன்றோ 2012இல் 3.4ஆம் பதிப்பு, சார்பு வரும்வரை அவ்வியக்கியை ஒத்திவைத்து மீண்டும் முயலும் முறையை ஏற்றது!

மாணவச் செல்வங்காள், விரைவாவது யாவற்றையும் ஓடிச் செய்தலன்று. முற்பட வேண்டியது எது, பிற்பட்டாலும் கேடில்லாதது எது எனப் பகுத்தறிதலேயாம். மலையடி லயத்தில் மழையிரவிற் செய்திக்குக் காத்திருப்போருக்கு ஒவ்வொரு விநாடியும் பெரிது. அவ்விநாடிகளை மீட்டுத் தரும் பொறியியலாளர், இம்மலர் சென்றடையும் நம் வகுப்பறைகளிலிருந்தும் தோன்றுக!