இரண்டு கணினி, ஒரு வயர்: நெட் இல்லாமல் கோப்புகளை இடம் மாற்றுவது

வெம்பக்கோட்டை என்றால் இப்போதெல்லாம் வைப்பாற்றங்கரை அகழாய்வுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. 2022-ல் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து அந்த மேட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். என்னுடைய தேடல் அவ்வளவு பழசு இல்லை. நூறு வருசத்துப் பழசுதான்: தீப்பெட்டி லேபிள்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923-ல் சிவகாசி திரும்பித் தீப்பெட்டித் தொழில் தொடங்கினார்களே, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஒட்டப்பட்ட லேபிள்களைக் கிடைத்தவரை சேர்த்து ஸ்கேன் செய்து வைக்கிறேன். அதைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். இந்தக் குறிப்பு லேபிள்களைப் பற்றியது இல்லை. அவற்றை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பட்ட பாட்டைப் பற்றியது.

ஒரு ஏ4 தாளில் லேபிள்களைப் பரப்பி, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத கோப்பு ஏறக்குறைய 100 மெகாபைட் வரும். என்னிடம் அப்படி 400 தாள். மொத்தம் 40 ஜிகாபைட். அதோடு பெரியம்மாவின் குரல் பதிவுகள் ஏழு. சின்ன வயசில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியது, குச்சி அடுக்கியது, குரோஸ் கணக்கில் கூலி வாங்கியது என்று எல்லாத்தையும் சொல்லியிருப்பார். பெரியம்மா இப்போது இல்லை. லேபிள் போனால் வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம். அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது?

இவ்வளவும் ஒரே இடத்தில் இருந்தது, பழைய விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில். ஒருநாள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம். நின்றது. மறுபடி வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், பென் டிரைவ். அதை முந்தின வாரம் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கச் சொருகியிருந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறது. வைரஸ். நல்லவேளை, டெஸ்க்டாப்பில் சொருகும் முன்னாடியே லேப்டாப்பில் பார்த்துவிட்டேன். அடுத்து, நெட்டில் ஏற்றி இறக்கலாமா என்று கணக்குப் போட்டேன். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 40 ஜிகாபைட்டுக்குப் பதினெட்டு மணி நேரம். இடையில் கரண்ட் போகாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அப்போதுதான் மண்டையில் பட்டது: ரெண்டு கணினியும் ஒரே மேசையில் இருக்கு. எதுக்கு ஊரைச் சுத்தணும்?

நம்மில் பலருக்கு நெட்வொர்க் என்றாலே இன்டர்நெட்தான். இரண்டும் ஒன்றல்ல. இரண்டு கருவிகள் தரவைப் பரிமாறினாலே அது நெட்வொர்க். 1998 வாக்கில் புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்து காட்டியது. வில்லியனூரில் ஒரு மையம். அங்கே மட்டும் தொலைபேசி வழி இன்டர்நெட். சுற்றியிருந்த கிராமங்களின் கணினிகளுக்கு வானொலி அலை வழியாகவே செய்தி போகும். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் அப்படித்தான் போய்ச் சேர்ந்து, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கிராமத்துக்குள் இன்டர்நெட் வரவில்லை, ஆனால் தகவல் வந்தது. என் மேசையில் வானொலிகூடத் தேவையில்லை, ஒரு வயர் போதும்.

வயர்

சிவகாசியில் ஒரு கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ரெண்டு கம்ப்யூட்டரை நேரா இணைக்கணும், லேன் வயர் வேணும்" என்றேன். "அதுக்கு கிராஸ் கேபிள்லா வேணும், இப்ப யாரு தம்பி அதைக் கேக்கா?" என்று சிரித்தார். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. ஒரு கணினி அனுப்பும் கம்பி, எதிர்க் கணினியின் வாங்கும் கம்பியில் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு முனையில் கம்பிகளை மாற்றிப் போட்டதுதான் கிராஸ் கேபிள். பிறகு வந்த நெட்வொர்க் கார்டுகள் எந்தக் கம்பி எதற்கு என்று தாங்களே கண்டுபிடித்து மாற்றிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்று புதுசாக இருந்தாலே போதும். சாதாரண கேட்5இ வயரை வாங்கிவந்து சொருகினேன். துளையோரம் விளக்கு மினுக்கியது.

முகவரி

வீட்டில் ரவுட்டர் இருந்தால் அதுதான் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி கொடுக்கும். நேரடி வயரில் கொடுக்க ஆளில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும். ஆனால் நாமே எழுதிக் கொடுத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

டெஸ்க்டாப்புக்கு 192.168.10.1, லேப்டாப்புக்கு 192.168.10.2 என்று வைத்தேன். சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. முதல் மூன்று எண்ணும் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண் என்று அந்த மாஸ்க் சொல்கிறது. ஒரே தெரு, வேறு வேறு கதவு. அவ்வளவுதான். கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது தெருவை விட்டு வெளியே போகும் வழி. நாம் எங்கேயும் போகப்போவதில்லை. உங்கள் வைஃபை எந்தத் தெருவில் இருக்கிறதோ, அந்தத் தெருப் பெயரை இங்கே வைக்காதீர்கள். வைத்தால் கணினி குழம்பும்.

யார் கதவைத் திறப்பது?

நான் ஒரு சாயங்காலத்தை வீணாக்கியது இங்கேதான். பழைய கணினியில் கோப்பு இருக்கிறது, ஆகவே அதில்தான் ஷேர் போட வேண்டும் என்று நினைத்து மல்லுக்கட்டினேன். கேட்வே இல்லாததால் விண்டோஸ் இதை 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று முடிவுகட்டி, பொது இடத்துக்கான கெடுபிடியைப் போட்டு, ஃபயர்வாலை மூடிவிடுகிறது.

அப்புறம் யோசித்தேன். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் தன் வீட்டைத் திறந்துபோட வேண்டியதில்லை. வாங்குகிறவன் திறந்தால் போதும். ஆக, ஷேர் போட வேண்டியது லேப்டாப்பில். டெஸ்க்டாப்பிலிருந்து அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

லேப்டாப்பில் (என்னுடையது விண்டோஸ் 10) செய்தது இதுதான். வைஃபையை அணைத்தேன். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்தில், பொது நெட்வொர்க் பகுதியில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தேன். 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் ஷேர் செய்தேன்.

ஷேர் செய்த ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்று ஷேரிங் அனுமதி, இன்னொன்று செக்யூரிட்டி தாவலில் உள்ள அனுமதி. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஒன்றில் எழுத அனுமதித்து, மற்றதில் 'படிக்க மட்டும்' என்று இருந்தால், ஃபோல்டர் திறக்கும், ஆனால் எதையும் போட முடியாது. இரண்டிலும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

அடுத்து கடவுச்சொல். லேப்டாப்பைத் திறக்க நான் போடும் நாலு இலக்க பின் எண்ணை இங்கே கேட்காது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் கேட்கும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு என்றால் நெட்வொர்க் வழியாக உள்ளேயே விடாது. இதற்கென்று கடவுச்சொல்லோடு தனிக் கணக்கு ஒன்று உருவாக்கிவிட்டேன், தொல்லை முடிந்தது.

'எஸ்.எம்.பி.1-ஐ ஆன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். எஸ்.எம்.பி. என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புப் பகிரப் பேசும் மொழி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகமெல்லாம் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகளையே முடக்கியது. விண்டோஸ் 7-க்கு அடுத்த பதிப்பே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்குத்தான் பழசு தேவை.

நகல்

டெஸ்க்டாப்பில் ஃபோல்டர் முகவரிப் பட்டியில் \\192.168.10.2 என்று அடித்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கொடுத்ததும் 'வரவு' கண் முன்னால். அட, இதுக்கா இவ்வளவு பாடு!

முதலில் போட்டது பெரியம்மாவின் ஏழு பதிவுகளை. சாகக் கிடக்கும் டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள். சத்தம் விடாமல் வந்தால் கணினியை உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே மேல். ஓட ஓட இன்னும் கெடும்.

அப்புறம் லேபிள்கள். பழைய கார்டின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 12.5 மெகாபைட், கையில் கிடைத்தது 11 சொச்சம். 40 ஜிகாபைட்டுக்கு ஒரு மணி நேரம். பதினெட்டு எங்கே, ஒன்று எங்கே!

முக்கால்வாசி ஓடியபோது கரண்ட் போனது. டெஸ்க்டாப் அணைந்தது. திரும்பி வந்ததும், பாதியில் நின்ற கோப்பைப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் காட்டியது. திறந்தால் பாதிக்குக் கீழே கறுப்பு. நகல் எடுக்கும்போது விண்டோஸ் முழு அளவுக்கும் முதலிலேயே இடம் பிடித்துவிட்டு அப்புறம் நிரப்புகிறது. ஆகவே அளவை மட்டும் நம்பக்கூடாது, திறந்து பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் 'கட்' செய்து போடாதீர்கள், 'காப்பி' மட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஃபைல் ஷேரிங்கை அணைத்து, அந்தத் தனிக் கணக்கையும் நீக்கினேன். இப்போது எல்லாம் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசை என்பதால், மூன்றாவது நகல் ஒன்றை வெளி டிஸ்க்கில் போட்டு, சாத்தூரில் தங்கச்சி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். இடி விழுந்தாலும் இரண்டு ஊரிலும் ஒன்றாக விழாது.

அன்றைக்கு ராத்திரி ஏழு பதிவுகளையும் லேப்டாப்பில் கடைசிவரை கேட்டேன், சோதிக்கிற சாக்கில். மூன்றாவதில் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எதுக்குய்யா பதியிற, யாரு கேக்கப்போறா?" என்கிறார். நான் கேட்கிறேன், பெரியம்மா.

உங்கள் வீட்டுக் கணினியிலும் அப்படி ஒரு குரலோ படமோ ஒரே இடத்தில் இருக்கும். 'டக்' சத்தம் வருவதற்கு முன்னாடியே வயரைச் சொருகிவிடுங்கள்.