நான்கு உள்ளங்கைகள் – 11: மூன்று குடம் வெந்நீர்

இந்த வாரம் அலாய் வீல் என்று சொல்லியிருந்தேன். டயர் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான், மொத்தக் காரும் அப்படி நான்கு உள்ளங்கைகளில்தான் நிற்கிறது என்பதைத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. அலாய் வீலுக்கு வருகிறேன். ஆனால் சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து ஒரு கணக்கு மனதை விட்டு நகர மறுக்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் மற்றது ஓடும்.

மலைமேல் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தியவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிறுபாணாற்றுப்படையில் அந்தச் செய்தி வருகிறது. அவனோடு போரிட்டுக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆளுக்கும் வாகனத்துக்கும் ஒரே பெயர்! சிலைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே யோசித்தேன். அந்தக் குதிரைகள் இந்த மலையிலிருந்து எப்படி இறங்கியிருக்கும்? ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்கு, தன் எடையையும் முதுகில் இருப்பவன் எடையையும் ஒவ்வோர் அடியிலும் முன்னங்கால்கள் தாங்கிப் பிடித்து நிறுத்த வேண்டும். சரி, என் காரில் அந்த வேலையைச் செய்வது யார்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் மேல்பகுதிக்கும் உயர வித்தியாசத்தைத் தோராயமாக 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் 1100 கிலோ, உள்ளே நான்கு பேரும் பைகளும் 300 கிலோ. ஆக 1400 கிலோ எடை ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் 1 கோடியே 37 லட்சம் ஜூல். அடிவாரத்தில் கார் நிற்கும்போது அதில் ஒரு துளியும் மிச்சமிருக்காது. அத்தனையும் எங்கேயோ சூடாக மாறித்தான் தீர வேண்டும். எவ்வளவு சூடு? வீட்டுக் குழாய்த் தண்ணீரை 46 லிட்டர் பிடித்து அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் அளவு. பிளாஸ்டிக் குடத்தில் மூன்று குடம்! ஒரு குடும்பமே குளிக்கப் போதுமான வெந்நீர்.

காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்கிக்கொள்ள இரண்டு பேர்தான் உண்டு. ஒருவர் இன்ஜின், இன்னொருவர் பிரேக். கியரைப் போட்டு இன்ஜினிடம் கொடுக்கவில்லை என்றால், மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் தலையில் விழுகிறது. நடுவில் காற்று ஆற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்த இரும்பு பழுக்காமல் இருக்கிறது.

இரண்டு நாளாக இந்தக் கணக்கைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாமக்கல்லில் ஒரு டீக்கடையில் லாரி டிரைவர் ஒருவரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்கு எனக்குத் தெரியாதுங்க சார். ஏறுன கியர்லயே எறங்கோணும். எங்கப்பா சொன்னது" என்றார். இரண்டாவது கியரில் ஏறிய வளைவில் இரண்டாவது கியரிலேயே இறங்கு. நான் மூன்று குடத்தில் சொன்னதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யில் போட்டுவிட்டு மலை இறங்காதீர்கள். எல், 2, எஸ் என்று ஏதோ ஒன்று உங்கள் கியர் லீவர் பக்கத்தில் இருக்கும். ஏஎம்டி என்றால் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வையுங்கள். மின்சாரக் கார்க்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்த மூன்று குடத்தில் ஒரு பகுதியைத் திரும்ப பேட்டரிக்கே ஊற்றிவிடும். ஆனால் மேலே தங்கிய விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், ஊற்ற இடமில்லை. மோட்டார் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடும், பாரம் பிரேக்குக்கு வரும். மலைமேல் சார்ஜ் போட்டால் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள்.

"நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்" என்ற பழைய நம்பிக்கை இன்னும் சாகவில்லை. கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எரிபொருளை முழுதாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

அப்க்ரேட் என்ன செய்யலாம் என்று கேட்டு வரும் எல்லோருக்கும் இனி என் முதல் பதில் பிரேக் ஆயில். பெயரில்தான் ஆயில், எண்ணெய் இல்லை. உண்மையான எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழையதானால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, பழையதில் 155. திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியை அமுக்கலாம். மிதித்தால் குமிழி நசுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது.

எனக்கு இது நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், இதே மலையில், இறங்கும்போது. அடிவாரத்துக்குச் சில வளைவுகள் இருக்கையில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. முதல் கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின்சீட்டில் என் அம்மா இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டியானது. ஊர் வந்து மூடியைத் திறந்து பார்த்தால் திரவம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மூன்று வருடமாக சர்வீஸ் பில்லில் 'டாப்-அப்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்; நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை. டாட் 3 போட்ட காரில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான் வகை. அதை மட்டும் கலக்கக் கூடாது.

சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். நிறுத்தியபின் பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி மலையைப் பாருங்கள்.

இறங்கும்போது வண்டி ஏறியதைவிடக் கனமாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சோளக்காட்டில் பலாவையும் அன்னாசியையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருபவர் யார்? மிளகு, மலைவாழை வேறு. 60 கிலோ பழம் ஏற்றினால் கணக்கில் இன்னும் இரண்டு லிட்டர் வெந்நீர் கூடும். அது பெரிதில்லை. ஆனால் அத்தனையும் டிக்கியில் விழுவதால் பின் டயர்கள் அமுங்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுப் பாரத்துக்குத் தனிக் காற்றளவு போட்டிருப்பார்கள். பின் டயருக்கு அதைப் பின்பற்றுங்கள்.

"மலைக்குப் போறோம், காத்த கொறச்சுடுங்க" என்று கேட்டு வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் செம்மேடு போவதற்குள் உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் மேலே குறைவு. அதே காரணத்தால் டயரின் மீட்டரும் 1000 மீட்டருக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனால் மேலே ஆறேழு டிகிரி குளிர்ச்சியும் உண்டே? அது ஒரு பி.எஸ்.ஐ.-யைக் குறைத்துவிடும். இரண்டும் ஏறக்குறைய கழிந்துபோகும். காற்றைத் தொடாதீர்கள்.

ஆக்சஸரீஸ் கடையில் காசு கொடுக்கும் முன் கீழே குனிந்து தரைவிரிப்பைப் பாருங்கள். கம்பெனி மேட்டின் மேலேயே ஒரு தடித்த மேட்டைப் போட்டு அனுப்புகிறார்கள். அது வழுக்கி முன்னே போய் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டால்? 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் இந்த ஒரு காரணத்துக்காக 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பழைய மேட்டை எடுத்துவிட்டு, தரையிலுள்ள கொக்கியில் மாட்டிக்கொள்வதை மட்டும் போடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருக்கும் காரில் முழுதாக மூடித் தைத்த சீட் கவர் கூடாது. கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்தாயிற்று. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி வேலியை 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்றது. ஏர்பேக் சென்சாருக்குப் போக வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் கொல்லிமலையில் மேகம் சாலையிலேயே இறங்கும். அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் மோதித் திரும்பி உங்கள் கண்ணிலேயே விழும். லோ பீமும், தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லேம்ப்பும் போதும். ஹெட்லைட்டில் பல்பை மட்டும் கழற்றிவிட்டு எல்இடி மாற்றுவது எதிரே ஏறி வருபவரின் கண்ணைக் குருடாக்கும். மலையில் ஏறி வருபவருக்குத்தான் முதல் வழி என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனதாரப் பரிந்துரைக்கும் ஆக்சஸரி ஒன்று உண்டு. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் சின்னக் காற்றடிப்பான். 2020 ஜூலையில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் டிக்கிக்குள் ஸ்டெப்னி இருக்கிறதா என்று மலையேறும் முன் திறந்து பாருங்கள். ஆணி குத்தினால் கிட் காப்பாற்றும். வளைவில் கல்லில் உரசிப் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் காப்பாற்றாது.

ஸ்டெப்னி என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு. அந்தக் காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் அந்த ஊர் டேவிஸ் சகோதரர்கள், காற்றடித்த டயர் மாட்டிய ஆரமில்லாத வளையம் ஒன்றைச் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வி மாட்டிக்கொண்டு ஓட்டலாம். தெருவின் பெயரே பொருளின் பெயரானது. இங்கிலாந்தில் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். காரவள்ளியில் பஞ்சர் ஒட்டுபவரிடம் "ஸ்டெப்னி" என்றால் உடனே எடுத்துக் கொடுக்கிறார்!

அலாய் வீலுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் அதுதான். 185/65 ஆர்15-லிருந்து 195/55 ஆர்16-க்குப் போனால் டயரின் மொத்த உயரம் ஏன் ஒரு மில்லிமீட்டர்கூட மாறுவதில்லை, அப்படியிருந்தும் பள்ளத்தில் ஏன் ரிம் அடிவாங்குகிறது என்று பார்ப்போம். அதற்குள் உங்கள் டயரின் பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைக் குறித்து வையுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் பிறந்த டயர். ஐந்து டயருக்கும் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.